உறுதியில் படிப்பதா, ஆப்பில் படிப்பதா, வகுப்புக்குப் போவதா?

அக்காவின் மகன் போன மாதம் வேலை மாறினான். அதுவரை திருகோணமலை நகரத்தில் போன் கடை ஒன்றில் நின்றவன். இப்போது காணியை மொத்தமாக வாங்கித் துண்டு பிரித்து விற்கும் கம்பனி ஒன்றில் நாலு பொடியங்களுக்கு மேலாள். பகலில் உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவு என்று ஆட்களுக்குக் காணி காட்டுவது வேலை. திங்கட்கிழமை காலையில் கொழும்பிலிருந்து சூமில் கூட்டம், முழுக்க ஆங்கிலம். முதல் கூட்டம் முடிந்த அன்று பின்னேரமே என்னிடம் வந்துவிட்டான்.

"சித்தி, ரெண்டு வகை இங்கிலிஷ் கதைக்கிறாங்க. ஒண்டு காணி இங்கிலிஷ், மற்றது லீடர்ஷிப் இங்கிலிஷ். ரெண்டும் விளங்கேல்ல. எங்க போய்ப் படிக்கிறது?"

இதற்கு மறுமொழி சொல்ல எனக்கு நாலு நாள் பிடித்தது. நான் பதினொரு வருஷம் நொத்தாரிசு ஒருவரின் கந்தோரில் காணி உறுதி (பத்திரம்) தட்டச்சு செய்தவள். பிறகு உப்புவெளியில் ஒரு விடுதியில் முன்மேசையில் சேர்ந்து, இப்போது அங்கேயே முகாமையாளர். அவன் சொன்ன இரண்டு ஆங்கிலமும் என்னிடம் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே வழியால் வந்தவையல்ல. காணி ஆங்கிலம் கடதாசியிலிருந்து வந்தது. முகாமை ஆங்கிலம் மனிதர்களின் வாயிலிருந்து, அதுவும் முக்கால்வாசி நான் வெட்கப்பட்ட நேரங்களில் வந்தது. அதனால் "எங்கே படிப்பது" என்பதற்கு ஒற்றை இடத்தைக் காட்ட என்னால் முடியவில்லை.

அவன் கையில் மூன்று தெரிவு இருந்தது: நகரத்தில் மாலை நேர ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பு, போனில் ஆப்பும் யூடியூபும், கூட்டாளி ஒருவன் வாட்சப்பில் அனுப்பிய "ஐந்நூறு பிசினஸ் சொற்கள்" பிடிஎஃப். நான் இன்னும் இரண்டைச் சேர்த்தேன். வீட்டு அலுமாரியில் கிடக்கும் உறுதிகள், பிறகு தெரிந்த மனிதர்கள். தகுதிகாண் காலம் மூன்று மாதம். கையில் காசு குறைவு, நேரம் அதைவிடக் குறைவு.

பிடிஎஃப்பை முதலிலேயே தள்ளிவிடலாம். முதல் பக்கத்தில் "அக்கவுண்டபிலிட்டி", அதற்குக் கீழே "அக்ரூட் இன்ட்ரஸ்ட்", அதற்கும் கீழே "அக்குவிசிஷன்". அகரவரிசையில் யாரும் கதைப்பதில்லை. ஒரே மாதிரித் தொடங்கும் சொற்களை அடுக்கி வைத்துப் பாடமாக்கினால் கூட்டத்தில் ஒன்றின் இடத்தில் மற்றது வந்து நிற்கும். அவ்வளவுதான் அதைப் பற்றிச் சொல்ல இருக்கிறது.

வகுப்பைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். நானும் போயிருக்கிறேன். "பிசினஸ் இங்கிலிஷ்" என்று போட்டிருந்த மூன்று மாத வகுப்பில் விமான நிலையத்தில் என்ன கேட்பது, உணவகத்தில் எப்படி ஓர்டர் கொடுப்பது என்பதுதான் பாதிப் பாடம். உணவகத்தில் ஓர்டர் எடுக்கிற பக்கத்தில் நிற்கிறவள் நான்! ஆனாலும் அங்கே ஒரு நன்மை கிடைத்தது. வாய் திறக்கக் கூசுகிறவர்களுக்கு, ஒரு வசனத்தை நேராகக் கட்டி முடிக்க வராதவர்களுக்கு, பிழை விட்டாலும் சிரிக்காத பத்துப் பேர் கிடைக்கிறார்கள். அது பெரிய விஷயம். பெறாமகனுக்கு அந்தத் தேவை இல்லை. போன் கடையில் வெள்ளைக்காரருக்கு சிம் விற்ற வாய் அது. அவனுக்கு இல்லாதது சொற்கள். அந்தச் சொற்கள் அந்த வகுப்பில் இருக்காது. சேர்வதற்கு முன் ஆசிரியரிடம், "குத்தகை ஒப்பந்தம் ஒன்றை வைத்து ஒரு பாடம் நடத்துவீங்களா?" என்று கேட்டுப் பார் என்றேன். போய்க் கேட்டிருக்கிறான். "அடுத்த லெவலில் வரும்" என்றார்களாம்.

அடுத்தது போன். இதில்தான் அவனுக்கு ஆசை. காசு இல்லை, பஸ்ஸில் போகும்போதும் பார்க்கலாம். ஒரு கிழமை பார்த்துவிட்டு வந்து "எஸ்க்ரோ", "எம்எல்எஸ்", "குளோசிங் கொஸ்ட்", "ரியல்டர்" என்று ஒப்புவித்தான். எல்லாம் அமெரிக்கக் காணி. எஸ்க்ரோ என்றால் விற்பவனும் வாங்குபவனும் இல்லாத மூன்றாவது கையில் காசை வைத்திருப்பது. இங்கே நொத்தாரிசின் மேசையில், உறுதி ஒப்பமிடும் நேரத்தில், வங்கிக் காசோலை கை மாறும். ரியல்டர் என்ற சொல்லுக்கு ஒரு தனிக் கதை உண்டு. அது 1916இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட சொல். அங்குள்ள காணி, வீட்டுத் தரகர்களின் தேசியச் சங்கம் அதை வணிகக் குறியாகப் பதிந்து வைத்திருக்கிறது. அமெரிக்காவிலேயே சங்கத்தில் இல்லாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. நம்ம ஆள் அதை விசிட்டிங் கார்ட்டில் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

அதைவிடப் பெரிய குறை, அந்த வீடியோக்களில் பேர்ச் இல்லை. திருகோணமலையில் காணி கதைக்கிற எவனும் பேர்ச்சில்தான் கதைப்பான். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, 160 பேர்ச் ஒரு ஏக்கர். நிலாவெளியில் காணி பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர் சதுர மீற்றரில் கேட்பார். இருபது பேர்ச் என்றால் ஏறத்தாழ 506 சதுர மீற்றர் என்று நின்ற இடத்திலேயே சொல்லத் தெரிய வேண்டும். அதோடு, 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டவருக்குப் பொதுவாக நிலத்தை அறுதியாக எழுத முடியாது, 99 வருஷம் வரை குத்தகைக்குத்தான் கொடுக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "ஃப்ரீஹோல்ட்" (அறுதி உரித்து), "லீஸ்ஹோல்ட்" (குத்தகை உரித்து) என்ற இரண்டு சொல்லும் அவனுக்கு உயிர்ச் சொற்கள். அமெரிக்க வீடியோவில் அவை ஒரு மூலையில் கிடக்கும்.

போனை முழுக்கக் குறை சொல்லவும் மாட்டேன். படித்ததை மறக்காமல் வைத்திருப்பதற்கு அதைப் போல ஒன்று இல்லை. படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று ஜெர்மன்காரர் எபிங்ஹவுஸ் 1885இலேயே தன்னையே சோதித்து எழுதி வைத்தார். மறக்கப் போகும் நேரத்தில் திரும்பக் காட்டும் வேலையை இப்போது அன்கி போன்ற ஆப்கள் செய்கின்றன. அண்ட்ரொய்டில் அது இலவசம். ஆனால் அதற்குள் போடும் சொல் நீ வேலையில் சந்தித்த சொல்லாக, சந்தித்த அதே வசனத்தோடு இருக்க வேண்டும். யாரோ தயாரித்த அடுக்கை இறக்கினால் அது மறுபடியும் அந்தப் பிடிஎஃப்தான். உச்சரிப்புக்கும் போன் வேண்டும். அதை ஏன் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

இனி உறுதி. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

எங்கள் சாம்பல்தீவு வளவின் உறுதி 1971இல் எழுதியது, ஆங்கிலத்தில். மஞ்சளாகி, மடிப்பில் கிழிந்து, ஒட்டுநாடா போட்ட கடதாசி. போட்டோக்கொப்பி எடுத்து அவன் முன் வைத்தேன். முதல் வரியிலேயே விழுந்தான். "நோ ஓல் மென் பை தீஸ் பிரசன்ட்ஸ்." பிரசன்ட் என்றால் பரிசு, யாருக்குச் சித்தி பரிசு கொடுத்தது என்கிறான். பரிசும் இல்லை, ஒன்றும் இல்லை. "இந்த எழுத்தின் மூலம் எல்லாரும் அறியவும்" என்பதுதான் பொருள். அடுத்தது "கொன்சிடரேஷன்". கூட்டத்தில் அது கருத்தில் எடுப்பது, உறுதியில் அது விலைக்காசு. "வெண்டர்" என்றதும் அவனுக்கு டொக்யார்ட் வீதியில் கடலை விற்கிறவர் ஞாபகம் வந்தது. உறுதியில் வெண்டர் எங்கள் காணியை எழுதித் தந்த மனிதர். கீழே அட்டவணையில் நாலு எல்லை. மேற்கே "கிரவுன் லேண்ட்". 1972இல் நாடு குடியரசானது, அதற்குப் பிந்திய உறுதிகளில் அதே நிலம் "ஸ்டேட் லேண்ட்". பிறகு பரப்பளவு: ஏ. 0, ஆர். 0, பி. 32. ஏக்கர், ரூட், பேர்ச். ரூட் என்றால் நாற்பது பேர்ச், காலேக்கர். அந்தச் சொல்லைக் கம்பனியில் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள், ஆனால் ஒவ்வொரு நில அளவைப் படத்திலும் அது உட்கார்ந்திருக்கும்.

ஒன்றரை மணித்தியாலத்தில் இருபத்தெட்டுச் சொல். நான் வியந்தது எண்ணிக்கையைப் பார்த்தல்ல. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் அவனுக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது. "அவுட்ரைட் ட்ரான்ஸ்ஃபர்" என்றேன், விளங்கவில்லை. அறுதி என்றேன், "ஓ, அறுதி உறுதியா!" என்றான். மோர்கேஜ் என்றால் ஈடு. லீஸ் என்றால் குத்தகை. அன்டிவைடட் ஷெயர் என்றால் பிரிக்காத பங்கு, அதனால்தான் மாமாக்கள் இருவரும் பத்து வருஷமாகக் கதைப்பதில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். பெர்மிட் காணிக்கும் உறுதிக் காணிக்கும் உள்ள வித்தியாசம், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியை அரசின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது என்பது, கந்தளாய்ப் பக்கச் சொந்தக்காரர் வீட்டில் கேட்டு வளர்ந்த கதை. காணி என்பது நம் வீடுகளில் சோற்றுக்கு அடுத்த பேச்சு. ஆங்கிலப் பெயர்ச்சீட்டை எடுத்து அதன் மேல் ஒட்டினால் போதும். (நொத்தாரிசும் கந்தோரும்கூட ஒல்லாந்தன் விட்டுப்போன சொற்கள்தான். ஒட்டி ஒட்டிப் பழகிய ஊர் இது.)

இந்த நாட்டில் காணி விஷயத்தில் கடதாசிக்கு இவ்வளவு கனம் ஏன் என்றால், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் எழுத்தில் ஒப்பமிடாத காணி விற்பனை சட்டத்தின் முன் செல்லாது. வாய்ப்பேச்சு எவ்வளவு இனித்தாலும் கடைசியில் சொல் நிற்கும் இடம் உறுதி. அதனால் சொல்லைப் படிக்கிற இடமும் அதுவே.

சின்னச் சொல்தான் ஆளைக் கவிழ்க்கும் என்பதை நான் காசு கொடுத்துப் படித்தேன். கந்தோரில் சேர்ந்த இரண்டாம் வருஷம், தெரிந்த ஒருவருக்காக ஒரு ஆங்கில உறுதியை வாசித்துச் சொன்னேன். நல்ல காணி, விலை மலிவு, முற்பணம் கொடுங்கள் என்றேன். அதில் "சப்ஜெக்ட் டு லைஃப் இன்ட்ரஸ்ட்" என்று ஒரு துண்டு இருந்தது. சப்ஜெக்ட் என்றால் பாடம், இன்ட்ரஸ்ட் என்றால் வட்டி அல்லது விருப்பம் என்று நினைத்துக் கடந்து போய்விட்டேன். விற்றவரின் தாய்க்குச் சீவிய உரித்து இருந்தது. அந்த அம்மா உயிரோடு இருக்கும் வரை வாங்கியவர் உள்ளே போக முடியாது. அம்மாவுக்கு அப்போது அறுபத்து நாலு வயது, நல்ல சுகதேகி. முற்பணத்தைத் திருப்பி எடுக்க எட்டு மாதம் போனது. என் சம்பளத்திலும் ஒரு பங்கு போனது.

அவனுக்கு நான் பாடமாக்கச் சொன்ன ஒரே சூத்திரம் "ஓர்", "ஈ" என்ற முடிவுகள். லெஸர் குத்தகைக்குக் கொடுப்பவர், லெஸீ எடுப்பவர். மோர்கேஜில் மட்டும் எல்லாரும் தடுமாறுவார்கள், வங்கிதானே கடன் கொடுக்கிறது என்று. ஆனால் ஈடாகக் காணியைக் கொடுப்பவர் வீட்டுக்காரர். ஆகவே அவர்தான் மோர்கேஜர், வங்கி மோர்கேஜீ.

கடதாசியின் குறை, அது ஊமை. பதினொரு வருஷம் இந்தச் சொற்களைத் தட்டச்சு செய்த நான் ஒன்றையும் வாயால் சொன்னதில்லை. மோர்கேஜில் எழுதும் டி சத்தம் வராது என்று எனக்குத் தெரியாது. கடன் பற்றுக்குச் சொல்லும் "லீன்" என்பதை "லையன்" என்றேன். விடுதி முதலாளியின் வங்கி முகாமையாளர் அதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் சிங்கத்தைத் தேடினார். அதனால்தான் போனில் ஒலி கேட்கக்கூடிய அகராதி ஒன்று வேண்டும் என்றேன். உறுதியில் எடுத்த சொல்லை அன்றிரவே காதால் கேட்டுவிட வேண்டும்.

லீடர்ஷிப் ஆங்கிலத்துக்கு இந்த வழி ஒத்துவரவில்லை. முயன்று பார்த்தோம். கம்பனி அனுப்பிய மின்னஞ்சல்களை அச்செடுத்து உறுதியைப் போலவே முன்னால் வைத்தேன். "அக்கவுண்டபிலிட்டி" என்ற சொல் வந்தது. பொறுப்புக்கூறல் என்றேன். "ஜெனீவாவா சித்தி?" என்றான். சிரித்தாலும் அதில் நியாயம் இருக்கிறது. நமக்குப் பொறுப்புக்கூறல் என்றால் ஜெனீவா ஐ.நா. கூட்டமும் பத்திரிகையின் முதல் பக்கமும். விற்பனை இலக்கைத் தவறவிட்ட ஒரு கிழமையோடு அந்தச் சொல்லை நாங்கள் கட்டிப் பார்த்ததில்லை. "டெலிகேட்" என்பதை அதிகாரப் பகிர்வு என்றால் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் வந்து நிற்கிறது. "ஸ்டேக்ஹோல்டர்" என்றதும் 2004 சுனாமிக்குப் பிறகு இங்கே வந்த தொண்டு நிறுவனங்களின் செயலமர்வும் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலும் என் ஞாபகத்துக்கு வரும். இந்தச் சொற்களுக்குத் தமிழில் பெயர் இருக்கிறது. வீட்டுக்குள் புழங்கிய பொருள் இல்லை. வெறும் பெயர்ச்சீட்டை எதன் மேல் ஒட்டுவது?

அதோடு இங்கே சிக்கல் தனிச் சொல்லில் இருப்பதும் குறைவு. இரண்டாவது திங்கட்கிழமை கூட்டத்தில் கொழும்பு மேலாளர் அவனிடம், "கேன் யூ ஹேவ் திஸ் பை தேர்ஸ்டே?" என்று கேட்டிருக்கிறார். எல்லாம் தெரிந்த சொல். பெறாமகன் உண்மையாகவே யோசித்து, வியாழக்கிழமை நிலாவெளியில் வேலை இருப்பதால், "நோ சேர்" என்றான். அது கேள்வி இல்லை, கட்டளை. நாங்கள் "தம்பி, வியாழனுக்கு முடிச்சுத் தாங்கோ" என்று மரியாதையை வினைச்சொல்லின் வாலில் வைப்போம். அவர்கள் கட்டளையைக் கேள்வியின் உடுப்பில் அனுப்புவார்கள். இதை எந்த ஆப்பும் அவனுக்குச் சொல்லித் தந்திருக்காது.

எனக்கும் இப்படி ஒரு நாள் இருந்தது. சீசன் முடிந்த ஒக்டோபர், மழை தொடங்கிவிட்டது. முதலாளி போனில், "வட்ஸ் தி டேர்ன்ஓவர் திஸ் சீசன்?" என்றார். நான் அதற்கு முந்திய கிழமைதான் ஊழியர் விலகிப் போவதற்கும் டேர்ன்ஓவர் என்று படித்திருந்தேன். "செவன், சேர்" என்றேன் பெருமையாக. ஏழு பேர் போயிருந்தார்கள். அவர் கேட்டது மொத்த வருமானம். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

ஆகவே இதற்கு மனிதர்தான். உவர்மலையில் எங்களுக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். பின்னேரம் டச் பே கரையில் நடப்பார். பிள்ளைகள் கனடாவில். வீடியோ அழைப்பு அடிக்கடி அறுந்து போகிறது என்று கவலைப்படுவார். பெறாமகன் கிழமையில் இரண்டு நாள் அவரோடு நடக்கிறான், போனைச் சரிசெய்து கொடுக்கிறான். திங்கள் கூட்டத்தில் விளங்காத மூன்று வசனத்தை எழுதிக்கொண்டு போகிறான். அதிலே ஒன்று "லெட்ஸ் டேபிள் திஸ்". அவர் விளக்கினார்: பிரித்தானிய வழக்கில் அது விஷயத்தைப் பேச எடுத்து வைப்பது, அமெரிக்க வழக்கில் இப்போதைக்கு ஒத்திவைப்பது. அமெரிக்கக் காணொளி பார்த்துப் பழகிய ஒருவரும் கொழும்பில் படித்த ஒருவரும் ஒரே கூட்டத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். அடுத்த நாள் அந்த மூன்று வசனத்தையும் தன் நாலு பொடியங்களிடம் சொல்லிப் பார்ப்பான். அவர்கள் முதலில் சிரித்தார்களாம். இப்போது அவர்களும் சொல்கிறார்கள்.

எல்லாருக்கும் இப்படி ஒருவர் அமையாது, தெரியும். அமையாதவர்கள் வகுப்புக் காசைக் கட்டி, அங்கே பக்கத்து மேசையில் இருக்கிற வங்கி ஊழியரையோ ஹோட்டல்காரரையோ பிடித்துக்கொள்ளலாம். வகுப்பை விட அந்த ஆள் பெறுமதி.

கடைசியில் நாங்கள் வந்து நின்ற ஒழுங்கு இது. சனிக்கிழமை ஒரு கடதாசி: உறுதி, குத்தகை ஒப்பந்தம், வங்கி மதிப்பீட்டு அறிக்கை, ஞாயிறு ஆங்கிலப் பத்திரிகையின் காணி விளம்பரம் என்று மாறி மாறி. செவ்வாயும் வெள்ளியும் கடற்கரை நடை. பஸ்ஸில் பத்து நிமிடம் அன்கி, தன் சொற்கள் மட்டும். வகுப்பு இல்லை. காணி ஆங்கிலம் ஒன்றரை மாதத்தில் கைக்கு வந்துவிடும் என்று நினைக்கிறேன். மற்றது தகுதிகாண் காலத்துக்குள் முடிகிற காரியமில்லை, ஆனால் "நோ சேர்" இனி வராது.

இரண்டு பக்கமும் வேலை செய்யும் சொற்களுக்கு மட்டும் தனியாக ஒரு கொப்பி வைத்திருக்கிறான். டைட்டில் என்றால் பதவிப் பெயரும் காணி உரித்தும். அப்ரிஷியேஷன் என்றால் ஊழியரைப் பாராட்டுவதும் காணி விலை ஏறுவதும். எக்சிகியூட் என்றால் திட்டத்தைச் செய்து முடிப்பதும் உறுதியில் ஒப்பமிட்டு நிறைவேற்றுவதும். முதலில் வாசித்தபோது யாரையோ தூக்கில் போட்டதாக நினைத்தானாம்.

நேற்று நான் வரவேற்பு மேசையில் நிற்கும்போது நிலாவெளியிலிருந்து அழைத்தான். பின்னால் காற்றுச் சத்தம்.

"சித்தி, உறுதியில ஹெயர்ஸ் எண்டா வாரிசுகள், எக்சிகியூட்டர்ஸ் எண்டா மரணசாதனத்தை நிறைவேற்றுறவை, அட்மினிஸ்ட்ரேட்டர்ஸும் விளங்குது. கடைசியில 'அண்ட் அசைன்ஸ்' எண்டு ஒராள் நிக்கிறார். கூட்டத்தில அசைன் எண்டா வேலை குடுக்கிறது. இவருக்கு யார் சித்தி வேலை குடுத்தது?"

"உரித்தை அவருக்கு எழுதிக் குடுத்திருக்கு," என்றேன். "பின்னேரம் வா, காட்டுறன்."